ஏபிஎஸ் வண்டி என்று சொல்லியும் தவறான பேரிங்: உதிரிபாகக் கடையில் நடந்த தவறுக்கு யார் பொறுப்பு?

வைகைக்கரை, மதுரை

அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் எங்கள் ஊரில் உள்ள உதிரிபாகக் கடை ஒன்றில் எனக்கு நேர்ந்ததை எழுதுகிறேன். கடையின் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. இப்படிப்பட்ட தவறு நேர்ந்தால் அதற்கான செலவை யார் ஏற்க வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

என்னிடம் 2013-ஆம் ஆண்டில் வாங்கிய சிறிய டீசல் கார் இருக்கிறது. அறுபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் முன்பக்க இடது சக்கரத்திலிருந்து மாவு மில் ஓடுவது போன்ற இரைச்சல் வந்துகொண்டிருந்தது. வண்டியை வலப்பக்கம் திருப்பினால் அது கூடும். இடப்பக்கம் திருப்பினால் குறையும். மெக்கானிக் வண்டியைத் தூக்கி, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டு, வீல் பேரிங் (சக்கரம் தடையின்றிச் சுழல உதவும் வளையம்) போய்விட்டது என்றார். "ஏபிஎஸ் வண்டி சார், அதைச் சொல்லிக் கேட்டு வாங்கிட்டு வாங்க" என்று சொல்லித்தான் அனுப்பினார். ஏபிஎஸ் என்பது திடீரென்று பிரேக் போட்டாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு.

கடையில் முக்கால் மணி நேரம் நின்றேன். எனக்குப் பின்னால் வந்த மெக்கானிக்குகள் ஒவ்வொருவராகக் கவுண்டரின் மேல் சாய்ந்து தங்களுக்கு வேண்டியதைச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார்கள். என் முறை வந்ததும் வண்டியின் பெயர், ஆண்டு, டீசல், ஏபிஎஸ் உள்ளது, முன்பக்கம் என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். ஆர்சி புத்தகத்தின் நகலையும் கவுண்டரில் வைத்தேன். அங்கிருந்தவர் அதைத் தொடக்கூட இல்லை. உள்ளே போய் ஒரு டப்பாவை எடுத்து வந்து வைத்தார். "இது ஏபிஎஸ் வண்டிக்கு உள்ளதுதானே?" என்று மீண்டும் கேட்டேன். "எல்லாம் ஒண்ணுதான் சார், சைஸ் ஒண்ணுதான்" என்றார். 1,180 ரூபாய் கொடுத்தேன். பில்லுக்குப் பதிலாக, மேலே 'எஸ்டிமேட்' என்று மட்டும் அச்சிட்ட வெள்ளைத் தாள் ஒன்றில் தொகையை எழுதிக் கொடுத்தார். அதில் கடையின் பெயரும் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை.

மெக்கானிக் பேரிங்கைப் பிரஸ்ஸில் ஏற்றி மாட்டிக் கொடுத்தார். இரைச்சல் நின்றுவிட்டது. ஆனால் வண்டி தெருமுனையைத் தாண்டுவதற்குள் ஏபிஎஸ் விளக்கு எரிந்தது. திரும்ப வந்து கழற்றியபோது அவர் ஒன்றைச் செய்து காட்டினார். பில் புத்தகத்தில் செருகியிருந்த ஒரு பேப்பர் கிளிப்பை எடுத்துப் பழைய பேரிங்கின் ஒரு பக்கத்தில் வைத்தார். அது மெல்ல ஒட்டிக்கொண்டு நின்றது. புதிய பேரிங்கின் இரண்டு பக்கங்களிலும் வைத்துப் பார்த்தார். இரண்டிலும் வழுக்கி விழுந்தது. எங்கள் வண்டியில் பேரிங்கின் ஒரு பக்கச் சீலிலேயே காந்தத் துகள் கலந்த வளையம் ஒன்று இருக்கிறதாம். வடக்கும் தெற்குமாக மாறி மாறி வரும் அதன் துருவங்களைச் சென்சார் எண்ணித்தான் சக்கரம் சுற்றும் வேகத்தைக் கணக்கிடுகிறதாம். ஏபிஎஸ் இல்லாத வண்டிக்கான பேரிங்கும் உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் எல்லாவற்றிலும் இதே அளவுதான். அதில் வளையம் மட்டும் கிடையாது. கடைக்காரர் சொன்னபடி சைஸ் ஒன்றுதான், பொருள்தான் வேறு.

கடைக்குத் திரும்பப் போனேன். "மாட்டின பொருளை எடுக்க மாட்டோம்" என்றார்கள். சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பிலிருந்து அழுத்திக் கழற்றிய பேரிங் மீண்டும் பயன்படாது என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் அதை மாட்ட வைத்தது அவர்கள் கொடுத்த பதில்தானே? பேரிங் 1,180 ரூபாய், பிரஸ் கூலியும் வேலைக் கூலியுமாக 900 ரூபாய், அதே 900 ரூபாய் மீண்டும் ஒருமுறை. பணத்தைக் காட்டிலும், கேட்ட கேள்விக்குப் பார்க்காமலே பதில் சொல்லிவிட்டார்களே என்பதுதான் மனத்தை விட்டு அகலவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆட்டோ ஓட்டுநர், தாம்பரம்

ஐயா, உங்கள் பதிவைப் படித்ததும் நானும் எழுதத்தான் வேண்டும் என்று தோன்றியது. நான் சொந்த ஆட்டோ ஓட்டுகிறேன். போன மழைக்காலத்தில் பின்சக்கரத்தில் பிரேக் ஆயில் கசிந்ததால் வீல் சிலிண்டர் கிட் (பிரேக் ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் கப் போன்ற பாகங்கள்) வாங்கி மாட்டினேன். இரண்டாம் நாளே மீண்டும் கசிந்தது. பிரேக்கை மிதித்தால் பெடல் தரைவரை போனது. அப்போது வண்டியில் இரண்டு பள்ளிப் பிள்ளைகள் இருந்தார்கள். கியரைக் குறைத்து, ஓரமாக ஏற்றி நிறுத்தினேன். அந்த நிமிடத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

மறுநாள் கிட் வந்த கவரை எடுத்துப் பார்த்தேன். அதில் தயாரித்தவர் பெயரும் இல்லை, மாதமும் ஆண்டும் இல்லை. கடைக்கு எடுத்துக்கொண்டு போனபோது, "நீங்க சிலிண்டர் உள்ளே சரியா கிளீன் பண்ணியிருக்க மாட்டீங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். அடுத்த முறை வேறு கடைக்குப் போய் பில் கேட்டேன். "பில் வேணும்னா 18 பர்சென்ட் மேல வரும், பரவாயில்லையா?" என்றார்கள். அன்றைக்கு என் கையில் இருந்த பணத்துக்கு அது பெரிய தொகை. பில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பில் இல்லாததால் அடுத்து எதுவும் கேட்க முடியவில்லை.

எங்களைப் போன்றவர்கள் கடையில் ஒரு மணி நேரம் நின்றால் அந்த ஒரு மணி நேர ஓட்டம் போய்விடுகிறது. தவறான பொருள் என்றால் ஒரு நாள் முழுவதும் போய்விடுகிறது. எனக்கு ஒரு சந்தேகம். என்னுடையது வாடகை வண்டி. நுகர்வோர் சட்டத்தில் எங்களுக்கும் இடம் உண்டா, அல்லது சொந்தக் கார் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தானா?

உறையூர் ஆசிரியை

என் அனுபவம் சிறியதுதான். ஆனால் வேறு பெண்களுக்கும் இது நேர்ந்திருக்கும் என்பதால் எழுதுகிறேன். என் ஸ்கூட்டரின் டிரைவ் பெல்ட் அறுந்துவிட்டது. பழைய பெல்ட்டையே பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். அதன் முதுகில் எண் பாதி அழிந்திருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து அதைப் படமெடுத்து, மீதி எழுத்துகளை வண்டிக் கையேட்டில் பார்த்து நிரப்பி, முழு எண்ணையும் தாளில் எழுதி வைத்திருந்தேன்.

கவுண்டரில் இருந்தவர் தாளை வாங்கவே இல்லை. "வீட்டுல சார் இருந்தா போன் போட்டுக் கொடுங்கம்மா, நான் பேசிக்கிறேன்" என்றார். அந்த வண்டியை எட்டு ஆண்டுகளாக ஓட்டி, சர்வீசுக்கு விட்டு, அதன் கணக்கை எழுதி வருபவள் நான்தான் என்று சொன்னேன். அதற்குப் பிறகும் அவர் என் பக்கத்தில் நின்றிருந்த, என்னோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒருவரைப் பார்த்து, "எந்த வருஷத்து வண்டி சார்?" என்று கேட்டார். கடைசியில் கொடுத்த பெல்ட் அதே கம்பெனியின் வேறு மாடலுக்கு உரியது. பழைய பெல்ட்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அகலமே ஒத்துப்போகவில்லை. நான் அங்கேயே வைத்துப் பார்த்ததால் மாற்ற முடிந்தது. அந்தத் தாளை அவர் வாங்கிப் படித்திருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை அது.

ஸ்பேர்ஸ் வியாபாரி, ஈரோடு

மேலே எழுதிய மூவரும் சொல்வதில் பொய் இல்லை. நான் இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்த வியாபாரத்தில் இருக்கிறேன். எங்கள் கடையிலும் இவை நடந்ததுண்டு. சகோதரியிடம் நடந்துகொண்ட முறைக்கு எந்தச் சமாதானமும் சொல்ல முடியாது. மற்றவை எப்படி நேர்கின்றன என்பதை மட்டும் கவுண்டருக்கு உள்ளிருந்து சொல்கிறேன்.

ஒரே பெயரில் ஓடும் காருக்குள் பெட்ரோல், டீசல், ஏபிஎஸ் உள்ளது, இல்லாதது, பழைய கிரில், புதிய கிரில் என்று பல வண்டிகள் ஒளிந்திருக்கின்றன. 2019 ஏப்ரலில்தான் புதிய கார்கள் எல்லாவற்றுக்கும் ஏபிஎஸ் கட்டாயமானது. அதற்கு முந்தைய கார்களில் இரண்டு வகையும் கலந்து கிடக்கின்றன. பேரிங்கில் நடக்கும் தவறுகளுக்கு அதுதான் முதல் காரணம். சில வண்டிகளில் ஒரே ஆண்டிலேயே இரண்டு கம்பெனிகளின் பிரேக் காலிப்பர்கள் (பிரேக் பேடைப் பிடித்து அழுத்தும் பகுதி) வந்திருக்கும். ஒன்றின் பேட் மற்றொன்றில் உட்காராது. இவ்வளவையும் ஒருவர் மனப்பாடமாக வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் எங்கள் தொழிலில், கேட்டவுடன் கேட்டலாக்கைப் பார்க்காமல் எடுத்துக் கொடுப்பவரைத்தான் 'கவுண்டர் ஆள்' என்று மெச்சுகிறோம். தவறின் வேர் அங்கேதான் இருக்கிறது. பதினேழு இலக்கச் சேஸிஸ் எண்ணைக் கணினியில் போட்டால் அந்த வண்டிக்கு உரிய பார்ட் நம்பர் வந்துவிடும். அதற்கு ஆகும் இரண்டு நிமிடத்தைக் கூட்ட நேரத்தில் யாரும் கொடுப்பதில்லை.

மெக்கானிக்குகளுக்கு முதலில் கொடுப்பது ஏன் என்றும் கேட்கலாம். ஒரு மெக்கானிக் மாதத்தில் இருபது நாள் வருவார், கடனில் எடுப்பார், மாதக் கடைசியில் தீர்ப்பார். நீங்கள் ஆண்டுக்கு ஒருமுறை வருவீர்கள். அவருக்குக் கழிவும் உண்டு. உங்களுக்கு எம்ஆர்பி விலைதான். இது நியாயம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் வருமானத்தில் பெரும்பகுதி அவர்கள் கையில் இருக்கும்போது, கவுண்டரில் நிற்பவரின் கண் அந்தப் பக்கம்தான் போகும். எங்கள் கடையில் போன ஆண்டு முதல் டோக்கன் வைத்துவிட்டோம். முதல் மாதம் இரண்டு மெக்கானிக்குகள் கோபித்துக்கொண்டு போனார்கள்; ஒருவர் திரும்பி வந்துவிட்டார்.

திரும்ப எடுப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்சார், ரிலே போன்ற எலக்ட்ரிக்கல் பொருட்களை வாங்கிக்கொண்டு போய், மாட்டிப் பார்த்து, கோளாறு அதில் இல்லை என்று தெரிந்ததும் திருப்பிக் கொண்டு வருபவர்கள் அதிகம். அதாவது என் புதிய பொருளை வைத்து அவர்கள் சோதனை செய்கிறார்கள். பிரித்த டப்பாவை மொத்த விற்பனையாளர் என்னிடமிருந்து எடுக்க மாட்டார். அதனால்தான் எல்லாக் கடைகளிலும் 'மாட்டின பொருளை எடுக்க மாட்டோம்' என்ற பலகை தொங்குகிறது. ஆனால் மதுரை நண்பரின் கதை அப்படிப்பட்டது இல்லை. அவர் இரண்டு முறை கேட்டிருக்கிறார், இரண்டு முறையும் தவறான பதில் சொல்லப்பட்டிருக்கிறது. என் கடையாக இருந்தால் பேரிங்கும் கூலியும் என் பொறுப்புதான்.

பாடி, ஓய்வு பெற்ற தர ஆய்வாளர்

சென்னை பாடியில் உள்ள ஒரு பிரேக் உதிரிபாகத் தொழிற்சாலையில் முப்பத்தொரு ஆண்டுகள் தர ஆய்வுப் பிரிவில் வேலை பார்த்தேன். லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா என்று எங்கள் பகுதியிலேயே நாட்டுக்கெல்லாம் பாகம் செய்து அனுப்பும் ஆலைகள் அடுத்தடுத்து நிற்கின்றன. டிவிஎஸ் நிறுவனம் 1911-இல் தொடங்கப்பட்டதும், இந்த இழையில் முதலில் எழுதிய நண்பரின் ஊரான மதுரையில்தான். ரப்பர் கப் ஒன்றின் விளிம்பில் முடியளவு கீறல் இருந்தாலும் அந்தத் தொகுதியையே நிறுத்தி வைத்தவர்கள் நாங்கள். அதே போன்ற கப் பெயரில்லாத கவரில் தாம்பரத்துக்குப் போய், இரண்டு பிள்ளைகள் இருந்த ஆட்டோவில் கசிந்தது என்று படித்தபோது நெஞ்சு பதறிவிட்டது.

தம்பி, கவரில் தயாரித்தவரின் பெயர், முகவரி, மாதமும் ஆண்டும், எம்ஆர்பி, புகார் சொல்லத் தொடர்பு எண் ஆகியவை இல்லை என்றால் அதை விலை குறைவு என்று வாங்காதீர்கள். 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி இவை இருந்தே தீர வேண்டும். எம்ஆர்பி என்பது எல்லா வரிகளையும் உள்ளடக்கிய விலை. அந்த விலைக்கு மேல் 18 சதவீதம் கேட்டால் அது சட்ட மீறல். தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவில் புகார் கொடுக்கலாம்.

இன்னொன்றையும் பழகிக்கொள்ளுங்கள். டப்பாவில் உள்ள எண்ணை மட்டும் பார்க்காமல், உள்ளே இருக்கும் பொருளின் மேல் பொறித்த எண்ணையும் பாருங்கள். பேரிங்கின் வெளி வளையத்தில் அது இருக்கும். பிரேக் பேடின் முதுகுத் தகட்டில் இருக்கும். போலிக்காரர்கள் டப்பாவை அச்சடிப்பதில் காட்டும் அக்கறையை உலோகத்தில் காட்டுவதில்லை. ரப்பர் பொருள் என்றால் தயாரித்த தேதி மிகவும் முக்கியம். மாட்டாமல் அலமாரியில் கிடந்தாலும் ரப்பருக்கு வயதாகும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். பிரேக் ஆயிலை மூடி திறந்த பாட்டிலிலிருந்து ஊற்றிக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய ஆயில் சீக்கிரம் கொதித்துவிடும். இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போவதற்கு அது போதும்.

கோவை டிரைவர்

இவ்வளவு சிரமம் எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. நான் இரண்டு ஆண்டுகளாகக் கடைக்கே போவதில்லை. இணையத்தில் பார்ட் நம்பரைப் போட்டால் பொருள் வீட்டுக்கு வந்துவிடுகிறது, பில்லும் வருகிறது, யாருடைய முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

ஸ்பேர்ஸ் வியாபாரி, ஈரோடு

கோவை நண்பரே, அவசரம் இல்லாத பொருளுக்கு அது நல்ல வழிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் நடுவழியில் கிளட்ச் கேபிள் அறுந்து நிற்கும் ஒருவரை மூன்று நாள் காத்திருக்கச் சொல்ல முடியாது. பார்ட் நம்பரை நீங்களே தேர்ந்தெடுப்பதால், அது தவறாகப் போனால் பொறுப்பும் உங்களுடையதாகிவிடுகிறது. கடையில் வண்டியைக் காட்டிக் கேட்பவருக்கு அந்தச் சுமை இருக்கக் கூடாது.

நுகர்வோர் தன்னார்வலர், சேலம்

ஈரோட்டு நண்பர் கடைசியாகச் சொன்னதுதான் சட்டத்தின் மையமும். அவர் அதை அனுபவத்தில் சொன்னார். நான் சட்டப் பிரிவுகளோடு சொல்கிறேன். சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பலரும் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ள முப்பது நாள் விதியை மட்டும் கேள்விப்பட்டிருப்பார்கள். அந்தச் சட்டம் 2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்தது. பில்லில் வேறு காலம் குறிப்பிடாவிட்டால், குறையுள்ள பொருளை முப்பது நாளுக்குள் திரும்ப எடுத்துப் பணத்தைத் தர மறுப்பதை அது நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. பில் தராமல் இருப்பதும் அதே பட்டியலில் அடுத்தடுத்து இருக்கிறது. தாம்பரம் நண்பரின் வீல் சிலிண்டர் கிட்டுக்கு இந்த விதி நேராகப் பொருந்தும். ஆனால் மதுரை நண்பரின் பேரிங்கில் குறை எதுவும் இல்லை. வேறொரு வண்டியில் அது நன்றாகவே ஓடும். எனவே அவர் முப்பது நாள் விதியை மட்டும் பிடித்துக்கொண்டால், "பொருள் நல்ல பொருள்தானே" என்று எதிர்த்தரப்பு சொல்லிவிடும்.

அவருக்கு உதவுவது அதைவிடப் பழைய சட்டம். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு இதைத்தான் பேசுகிறது. பொருள் எதற்காக வேண்டும் என்பதை வாங்குபவர் விற்பவரிடம் தெரிவித்து, அவருடைய திறமையையும் முடிவையும் நம்பி வாங்கினால், அந்தத் தேவைக்குப் பொருத்தமான பொருளாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை, யாரும் வாய் திறந்து சொல்லாவிட்டாலும், அந்த விற்பனைக்குள் இருப்பதாகவே சட்டம் கொள்கிறது. ஆனால் குறிப்பிட்ட பொருளை அதன் வணிகப் பெயரைச் சொல்லி நாமே கேட்டு வாங்கினால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. "இன்ன கம்பெனியின் இன்ன எண் பேரிங் கொடுங்கள்" என்று கேட்டவர், பொருத்தம் தவறினால் கடைக்காரரைக் குறை சொல்வது கடினம். "இது என் வண்டி, ஏபிஎஸ் உள்ளது, இதற்கு உரியதைக் கொடுங்கள்" என்று கேட்டவருக்கு உரிமை இருக்கிறது. மதுரை நண்பர் கேட்டது இரண்டாவது விதம். அவருடைய வழக்கு வலுவானதுதான்.

ஆனால் அவர் அப்படிக் கேட்டதற்குச் சாட்சி எங்கே? அவரிடம் இருப்பது பெயரில்லாத எஸ்டிமேட் தாள். எனவே எல்லோரிடமும் ஒன்றை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்: பில்லில் உங்கள் வண்டியின் பதிவு எண்ணையும், ஏபிஎஸ், டீசல், ஆண்டு போன்ற விவரத்தையும் எழுதச் சொல்லுங்கள். கடைக்காரர் கையால் எழுதினாலும் போதும். அந்த ஒரு வரி இருந்தால், நீங்கள் வண்டியைச் சொல்லித்தான் கேட்டீர்கள் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. அதை எழுதும்போது கடைக்காரரும் ஒருமுறை கேட்டலாக்கைத் திறந்து பார்ப்பார். 200 ரூபாய்க்குக் குறைவான பொருளுக்கு நீங்கள் கேட்காவிட்டால் பில் தராமல் இருக்க ஜிஎஸ்டி சட்டம் இடம் தருகிறது. அதற்கு மேல் என்றால் நீங்கள் கேட்காவிட்டாலும் தர வேண்டும்.

ஆட்டோ நண்பரின் கேள்விக்கு வருகிறேன். வணிக நோக்கத்துக்காக வாங்குபவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று சட்டம் சொல்வது உண்மைதான். ஆனால் சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கென்றே வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்று அதே பிரிவின் விளக்கம் தெளிவாகச் சொல்கிறது. சொந்த ஆட்டோவைத் தானே ஓட்டிப் பிழைக்கும் நீங்கள் நுகர்வோர்தான். இதில் தயங்க வேண்டாம்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள், தமிழிலேயே பேசலாம். அதில் தீராவிட்டால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். கடை இருக்கும் ஊருக்குப் போக வேண்டியதில்லை. ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். மனு கொடுப்பதற்கு முன், நடந்ததைத் தேதியோடு எழுதி, பதினைந்து நாள் அவகாசம் கொடுத்துக் கடைக்கு ஸ்பீடு போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். பாதிப் பிரச்சினைகள் அந்தக் கடிதத்திலேயே தீர்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

உறையூர் ஆசிரியை

சேலம் ஐயாவுக்கு நன்றி. ஈரோட்டு அண்ணாவிடம் ஒரு வேண்டுகோள். டோக்கன் வைத்தது நல்லது. அதோடு, கவுண்டரில் நிற்கும் தம்பிகளிடம், வாடிக்கையாளர் எழுதிக்கொண்டு வரும் தாளை முதலில் கையில் வாங்கிப் படிக்கச் சொல்லுங்கள். எங்களில் பலர் மெக்கானிக்கிடம் கேட்டு, கையேட்டைப் பார்த்து, எழுதிக்கொண்டுதான் வருகிறோம். கடையில் பேசத் தெரியாது என்ற அச்சத்தால்தான் எழுதி வருகிறோம். அந்தத் தாளைப் புறந்தள்ளும்போது, இனி இந்தப் பக்கமே வரக் கூடாது, வீட்டில் யாரையாவது அனுப்பிவிடலாம் என்றுதான் தோன்றுகிறது. நான் அப்படிச் செய்யவில்லை. என் சக ஆசிரியைகள் நால்வர் அப்படித்தான் செய்கிறார்கள்.

ஸ்பேர்ஸ் வியாபாரி, ஈரோடு

செய்கிறேன் அம்மா. பதிவு எண்ணைப் பில்லில் எழுதுவதையும் தொடங்கிவிட்டேன். நேற்று மட்டும் இரண்டு இடங்களில் நாங்களே எங்கள் தவறைக் கண்டுபிடித்தோம். ஒன்று, அதே டீசல் பெட்ரோல் குழப்பம். மற்றொன்று, கிளட்ச் பிளேட்டின் விட்டம். இரண்டும் பொருள் கடையை விட்டு இறங்குவதற்கு முன்பே தெரிந்துவிட்டது.

வைகைக்கரை, மதுரை

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

சேலம் ஐயா சொன்னபடி கடிதம் எழுதினேன். எந்தத் தேதியில் என்ன கேட்டேன், என்ன பதில் வந்தது, எவ்வளவு கொடுத்தேன் என்பதை ஒரு பக்கத்தில் எழுதினேன். இரண்டாம் பத்தியில், வண்டியைச் சொல்லி அவர்களுடைய திறமையை நம்பித்தான் வாங்கினேன் என்பதை எழுதினேன். மெக்கானிக்கிடம் கேட்டு, பேரிங்கில் பொறித்திருந்த எண் எந்த வகைக்கு உரியது என்பதையும், பழைய பேரிங்கில் கிளிப் ஒட்டுவதைக் காட்டும் படத்தையும் இணைத்தேன். எஸ்டிமேட் தாளில் பெயர் இல்லாவிட்டாலும் நான் பணம் அனுப்பியது கைப்பேசி வழியாக என்பதால், கடையின் பெயரும் தொகையும் நேரமும் அதில் பதிவாகியிருந்தன. இதை முதலில் நான் நினைத்தே பார்க்கவில்லை. என் மகள்தான் எடுத்துக் காட்டினாள். ரொக்கம் கொடுத்திருந்தால் என்னிடம் எதுவுமே இருந்திருக்காது.

கடிதம் சேர்ந்த நான்காம் நாள் கடையிலிருந்து அழைப்பு வந்தது. கவுண்டரில் இருந்தவர் பேசவில்லை, உரிமையாளரே பேசினார். நேரில் வரச் சொன்னார். போனேன். இந்த முறை உட்கார வைத்துப் பேசினார். சேஸிஸ் எண்ணைக் கணினியில் போட்டு, எனக்கு உரிய பேரிங்கை எடுத்து வந்து, வளையம் உள்ள பக்கத்தை அவரே காட்டி, அந்தப் பக்கம் சென்சாரைப் பார்த்து இருக்க வேண்டும் என்று டப்பாவின் மேல் எழுதியும் கொடுத்தார். விலை வித்தியாசம் எதுவும் கேட்கவில்லை. இந்த முறை உண்மையான பில் கிடைத்தது. அதன் அடியில் பேனாவால் என் வண்டி எண்ணும், 'ஏபிஎஸ், முன், இடது' என்ற வார்த்தைகளும் இருக்கின்றன.

1,800 ரூபாய் கூலியைப் பற்றிக் கேட்டேன். "மெக்கானிக்கும் மாட்டுறதுக்கு முன்னாடி பார்த்திருக்கணும் சார்" என்றார். அதில் பாதி நியாயம் இருக்கிறது என்று எனக்கும் படுகிறது. என் மெக்கானிக்கும் அதை ஒப்புக்கொண்டு இரண்டாம் முறைக் கூலியில் 400 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். மீதி 1,400 ரூபாயைக் கடை ஏற்க வேண்டும் என்று 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். புகார் எண் வந்துவிட்டது, பதில் இன்னும் வரவில்லை. வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.

புதிய பேரிங்கை மாட்டிய பிறகு ஏபிஎஸ் விளக்கு அணைந்துவிட்டது. சனிக்கிழமை திண்டுக்கல் வரை போய் வந்தேன்; இரைச்சல் இல்லை. தாம்பரம் நண்பர் கடிதத்தின் மாதிரியைத் தனிச் செய்தியில் கேட்டிருந்தார். கடையின் பெயரையும் என் முகவரியையும் நீக்கிவிட்டு இன்றிரவு இந்த இழையிலேயே இடுகிறேன். அவருடைய வீல் சிலிண்டர் கிட்டுக்கு ஏற்ப எந்தப் பத்தியை மாற்ற வேண்டும் என்று சேலம் ஐயா பார்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.